சம்மதம்னு சொல்லுங்க

போன் அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

நவநீதகிருஷ்ணன் மேசைக்கு இந்தப் பக்கம். மகள் கனிஷ்கா அந்தப் பக்கம். நடுவே ரப்பர் பேண்ட் போட்ட பணக்கட்டு. அதைக் காலையில்தான் பீரோவின் அடித்தட்டிலிருந்து அவள் எடுத்திருந்தாள்.

ஒரு லட்சத்து இருபதாயிரம். ஆடியில் எடுத்த சீட்டுப் பணம்.

"கையில வச்சுக்கிட்டேவாப்பா இத்தன நாளா கட்டாம இருந்தீங்க?"

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி வெண்ணிலா சேலத்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தாள். அப்போது தேய்த்த கிரெடிட் கார்டு. அவள் வீடு திரும்பவில்லை. கடன் வட்டியோடு சேர்ந்து மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பங்குனி மாதத்திலிருந்து கார்டு கம்பெனி கூப்பிடுகிறது. 'தாரணி பேசறனுங்க' என்று ஒரு பெண் குரல். முதல் தடவை அதைக் கேட்டபோது அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். அப்படியே லாரிச் சட்டத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பேசுவது மனுஷி இல்லை, கம்ப்யூட்டர் என்று இரண்டாம் அழைப்பிலேயே புரிந்துவிட்டது. திட்டினாலும் அதே நிதானம். சும்மா இருந்தாலும் அதே நிதானம். ஆனால் தொகையைச் சொல்லப்போகும்போது மட்டும் அது மெல்ல மூச்சு இழுக்கும். மூச்சே இல்லாத ஒன்று எதற்கு மூச்சு இழுக்க வேண்டும்? அந்த இடத்தில் அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொள்வார்.

இரண்டு லட்சம் கட்டினால் கணக்கை முடித்துத் தருகிறோம் என்றது. முடியாது என்றார். ஒன்றரை என்றது. முடியாது. ஆவணியில் ஒன்று இருபதுக்கு இறங்கி வந்தது. பீரோவில் சரியாக அவ்வளவு பணம் இருந்தது. அப்போதும் முடியாது என்றார்.

இன்றோடு கெடு முடிகிறது. நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். கனிஷ்காவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இந்தக் கார்டை முடித்த கடிதம் வராமல் கல்விக்கடன் தர முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அப்பாவை இன்று பட்டறைக்கு விடாமல் பிடித்து உட்கார வைத்திருந்தாள்.

வழக்கம்போலப் பத்தரைக்கு அடித்தது.

அவர் எடுப்பதற்குள் அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கமுங்க. தாரணி பேசறனுங்க. சார் நல்லா இருக்கீங்களா?"

கனிஷ்கா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு போனைப் பார்த்தாள்.

வெண்ணிலா சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கால் சென்டரில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். உடம்பு கெடுவதற்கு முந்தைய மாதம், பதினோரு நாள் அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, மைக் முன்னால் ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். எதற்கென்று சொல்லவில்லை. நாலாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

"உங்களுக்குக் கடைசி வாய்ப்புங்க. எண்பத்தஞ்சாயிரம் கட்டுனாப் போதுமுங்க. சம்மதம்னு சொல்லுங்க, இன்னைக்கே முடிச்சுக்கலாம். அதுக்கப்பறம் எங்ககிட்ட இருந்து உங்களுக்கு போனே வராதுங்க."

கனிஷ்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஆவணியில் அவர் ஏன் முடியாது என்றார் என்று இப்போது அவளுக்கு விளங்கியது.

"நீயே சொல்லு சாமி" என்றார் அவர். "என்னால ஆகல."

அவள் போனிடம் குனிந்தாள்.

"அம்மா."

"சரியாக் கேக்கலீங்க. மறுக்கா ஒருக்கா சொல்றீங்களா?"

கனிஷ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குந்தான் கேக்கல. நீங்க மறுக்கா சொல்லுங்க."

அது மறுபடியும் சொன்னது. அதே ஏற்ற இறக்கம். அதே இழுப்பு.

"கேக்கல."

மறுபடியும் சொன்னது.

ஒரே பேச்சை இரண்டாம் தடவை கேட்டாலே, 'காதென்ன செவுடாப் போச்சா?' என்று கத்துவாள் வெண்ணிலா. அந்தக் கத்தலுக்காகத்தான் கனிஷ்கா காத்திருந்தாள். நான்காம் தடவை வரவில்லை. ஐந்தாம் தடவையும் வரவில்லை. ஏழாம் தடவையும் அந்தக் குரல் சிரித்த முகத்தோடு பேசுவதுபோலவே எண்பத்தஞ்சாயிரம் என்றது.

"சம்மதம்" என்றாள் கனிஷ்கா.

"ரொம்ப நன்றிங்க" என்றுவிட்டு அது அடங்கியது.

மத்தியானத்துக்குள் பணம் கட்டியாயிற்று. நாலைந்து நாளில் கடிதம் வந்துவிடும் என்றார்கள். ராத்திரி அப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் இரண்டு தோசை கூடவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கனிஷ்காவுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பட்டறையில் டீ வந்தபோது, கூடி நின்ற ஆட்களிடம் நவநீதகிருஷ்ணன் கேட்டார்:

"உங்கள்ல ஆருக்காச்சும் கார்டுக் கடன் பாக்கி இருக்குதாப்பா? தாரணின்னு போன் வந்தா எங்கிட்டக் குடுங்க. நான் பேசிக் குறைச்சுத் தாரேன்."