கைதட்டக் கூடாத மன்றம்

மார்ச் 11, செவ்வாய். பெயரைத் தாமதமாகக் கொடுத்தது ரெனிட்டாவின் தப்புதான். அதனால் நகர மன்றத்தின் பொதுமக்கள் கருத்துக் கூட்டத்தில் கொரினுக்குப் பிறகுதான் அவளுக்கு மைக். போலீஸ்காரர்கள் யார் கழுத்தையும் நெரிக்கக் கூடாது என்ற விதிக்கு நாளை இதே மன்றத்தில் வாக்கெடுப்பு. அப்படி நெரிபட்டுச் செத்த அண்ணனைப் பற்றிக் கொரின் பேசி முடிக்கிறாள். இங்கே கைதட்டத் தடை என்பதால் எல்லாரும் கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டுகிறார்கள். வெள்ளை விளக்கின் கீழே சத்தமில்லாமல் ஒரு காடு அசைகிறது. ரெனிட்டாவின் கைகள் மட்டும் மடியிலேயே கிடக்கின்றன. "ஏண்டி, கையில சுளுக்கா?" என்று பக்கத்து இருக்கை டோலோரஸ் இடிக்கிறாள். ரெனிட்டாவின் தம்பி டெரெலையும் அப்படித்தான் நெரித்தார்கள். அவன் பிழைத்துவிட்டான், குரல்தான் வெறும் காற்றாகிவிட்டது. பிழைத்தவனுக்கு இத்தனை கைகள் எழுமா என்று அவளுக்கு வயிறு எரிகிறது. செத்தவனின் தங்கையைப் பார்த்தா பொறாமை என்று உடனே முகமும் சுடுகிறது. "அடுத்து ரெனிட்டா. ரெண்டே நிமிஷம்தாம்மா," என்கிறார் தலைவர். "என் தம்பி உயிரோடதான் இருக்கான்," என்கிறாள் ரெனிட்டா. அதோடு மைக்கை விட்டு விலகுகிறாள். முன்வரிசையில் முதலில் உயர்வது கொரினின் கைகள். அதிலும் அவளே முந்திக்கொள்கிறாள்.

நாளைய வேலை: டெரெலைச் சம்மதிக்க வைத்து, வாக்கெடுப்புக்கு முன் அந்த மைக்கில் அவனையே பேச வைப்பது.