காகிதத் தேருக்கு ஒரு கட்டை

“சார், அந்தப் பொண்ணு கையை நீட்டி எங்காத்துப் பையன் தேரை நிறுத்திட்டா. என் கண்ணால பார்த்தேன்.”

ஜயலக்ஷ்மி மாமி வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றே சத்தம் போட்டாள். உள்ளே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காகிதத் தேர்ப் போட்டி. ஆடிப்பூரம் நெருங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியவர்களுக்கே தேர்ப் பித்து பிடிக்கும், பிள்ளைகளைக் கேட்கவா வேண்டும்.

ஐயாதுரை சார் விதியைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். தேர், சக்கரம், சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நிறுத்துகிற கட்டை, எல்லாமே காகிதம். பிள்ளைகளே வீட்டில் செய்து கொண்டுவரணும். மேஜைமேல் சரிவாக வைத்த பலகையில் தேரை உருட்டிவிட்டு, கோட்டில் கட்டை போட்டு நிறுத்தணும். ஜெயிக்கிற பிள்ளைக்கு ராஜபாளையம் கண்காட்சி.

கடைசிச் சுற்றில் மாமியின் மகன் ஆராவமுதனும் பரிபூரணமும். ராஜபாளையம் போகப் பாவாடையைக்கூடத் துவைத்து வைத்துவிட்டதாகக் காலையில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

இரண்டு தேரும் ஒன்றாக இறங்கின. கோடு நெருங்கும்போது பரிபூரணம் சட்டென்று குனிந்து, தன் கட்டையை ஆராவமுதன் தேர்ச் சக்கரத்தில் சொருகிவிட்டாள். அது நின்றது. அவளுடைய தேர் கோட்டைத் தாண்டி, மேஜையிலிருந்து விழுந்து நசுங்கியது.

“நன்னா வேணும். அடுத்தவா தேரை மறிச்சா இப்படித்தான் ஆகும்” என்றாள் மாமி. “இது போங்காட்டம் சார். இவளை இனிமே எதுலயும் சேர்க்கப்படாது.”

“ஏட்டி, ஏன் அப்படிச் செஞ்ச?” என்றார் சார்.

பரிபூரணம் தரையில் உட்கார்ந்து, மடங்கிப்போன தேர்க் கலசத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை. கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு.

“அம்மா, நீ செத்த சும்மா இரு” என்றான் ஆராவமுதன். “என்கிட்ட கட்டையே இல்லை. நான் வெறுங்கையோட முழிக்கறதைப் பார்த்துதான் அவளோடதை எனக்கு வச்சா. இல்லேன்னா என் தேர்தான் விழுந்திருக்கும்.”

“கட்டையை எங்கடா தொலைச்சே?”

அவன் சாரைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“தொலைக்கலை. தேர் பண்ணினது நீதானேம்மா. கட்டை பண்ண நீ மறந்துட்டே.”