துளைக்கம்பி சொல்லாமல் விட்டது

மண்ணாகி எவ்வுயிரையும் சுமக்கும் எம்பெருமான் திருவடி போற்றி.

யாத்திரிகர் மடம் எழவிருந்த இடத்தில், ஒரு துளைக்கம்பியும் அதன் தலைமேல் விழும் இரும்புச் சம்மட்டியும் மண்ணின் வலுவைச் சோதித்தன. எத்தனை அடி விழுந்தால் கம்பி ஒரு முழம் இறங்கும் என்பதே சோதனை. மூன்றாள் ஆழத்தில் கம்பி நின்றுவிட்டது.

"ஐம்பது முறை விழுந்தும் நீ இம்மியும் இறங்கவில்லை. பாறைதான், தம்பி! மூட்டையைக் கட்டு" என்றது சம்மட்டி.

கம்பியின் நுனிக்கு மட்டும் ஐயம். அடிக்கு அடி, நுனியில் முட்டிய கல் மெல்ல அசைந்தது.

"அண்ணா, நான்கு முழம் தள்ளி இன்னொரு துளை போட்டுப் பார்ப்போமே?"

"நுனி மழுங்கினால் இப்படித்தான் பயம் வரும்!" என்று சம்மட்டி நகைத்தது.

கம்பி நாணி, கல் அசைந்ததைச் சொல்லாமலே விட்டது. பாறை என்ற நம்பிக்கையில் மடம் எழுந்தது. முதல் மழைக்காலத்திலேயே ஒரு பக்கம் புதைந்து சுவர் பிளந்தது. யாத்திரிகர்கள் கைக்குழந்தைகளோடு மழையில் இறங்கி ஓடினார்கள்.

காரணம் அறிய மீண்டும் துளையிட்டபோது, கம்பி அதே கல்லைத் தொட்டது.

"பாறை போல் நின்று ஏமாற்றிவிட்டாயே!" என்று அழுதது.

"நான் சேற்றில் கிடக்கும் உருண்டைக் கல், ஐயா. அசைந்து அசைந்து உம்மிடம் சொன்னேனே. நீர் யாரிடம் சொன்னீர்?"



இதைக் கேட்டவர் இல்லங்கள் நெடுங்காலம் நிலைபெற இறையருள் துணை நிற்க.