இரண்டாவது ஒப்புதல்

மடிக்கணினித் திரையின் ஓரத்தில், அகரனின் இதயத்துடிப்பு எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது. அவன் நெஞ்சுக்குள் இருந்து இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவியின் நிரல் திறந்த மென்பொருள்; அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்தால்தான் திருத்தம் கருவிக்குள் இறங்கும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள உலகத்தில் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருத்தி பூங்கோதை. இன்னொருவன், அதை எழுதிய அவள் கணவன் அகரனேதான்.

துடிப்பைக் குறைத்துக்கொண்டிருந்த பிழை வரியை அவசரமாக மாற்றிவிட்டு, கட்டிலில் கிடந்தவனின் முகத்துக்கு நேரே மடிக்கணினியைப் பிடித்தாள்.

"படிக்கறதுக்கெல்லாம் நேரமில்லங்க. ஒப்புதல மட்டும் அழுத்துங்க."

அவன் படித்தான். முப்பத்தெட்டு. உதடு நீலம் பாரித்தது. முப்பத்தாறு. விரல் மெல்ல நகர்ந்து நிராகரிப்பை அழுத்தியது.

"என்னங்க பண்றீங்க..." அவள் குரல் உடைந்தது.

"துடிப்பு எழுபதுன்னு போடறதுக்குப் பதிலா எழுநூறுன்னு போட்டிருக்க, கோதை," என்றான் மூச்சு வாங்க. "ஒரு சைபர அழிச்சிட்டு அனுப்பு."

ஒரு சைபரை அழித்து, மறுபடி நீட்டினாள். முப்பத்துநான்கு.

அவன் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான்.