கவிழ்த்து வைத்த குவளை

1974 கோடை. ஜப்பானின் கோச்சியில் எங்கள் ஊர்ப் பள்ளியின் பேஸ்பால் பயிற்சியில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் உடம்பு தளர்ந்துவிடும் என்பார் பயிற்சியாளர் குராமோச்சி. முந்தைய கோடையில் என் மகன் செட்சுவோ அப்படித்தான் மைதானத்தில் ‘தேர்ட் பேஸ்’ எனும் மூன்றாம் தளத்தருகே நா வறண்டு விழுந்து இறந்தான்.

நான் தினமும் கெட்டிலில் பார்லித் தேநீரும் அவனுடைய குவளையும் கொண்டுபோனேன். அவர் தினமும் தேநீரைத் தரையில் கொட்டினார்.

"செட்சுவோம்மா, பசங்களைக் கெடுக்காதீங்க."

"ஒருத்தனை எரிச்சாச்சு. இன்னும் எத்தனை பேர் வேணும் உங்களுக்கு?"

ஜூலையில் ஒரு நண்பகல், பந்தடித்துக்கொண்டிருந்த குராமோச்சியே சுருண்டு விழுந்தார். பையன்கள் மருத்துவரை அழைக்க ஓடினார்கள். நான் கெட்டிலைச் சாய்க்கவேயில்லை. சாகட்டும் என்றுதான் நின்றேன்.

சற்று நேரத்தில் அவர் கண் விழித்தார். மோவாயில் தேநீர் வழிந்தது.

"குடுத்துட்டு மூணாம் தளத்துக்கு ஓடினானே, யாரு அவன்?"

அங்கே யாருமில்லை. அவர் தலைமாட்டில் குவளை கவிழ்ந்திருந்தது. குடித்ததும் குவளையைக் கவிழ்த்து வைப்பது என் மகனின் பழக்கம்.

"இந்த ஆளுக்குப் போய் ஏண்டா குடுத்தே?" என்று ஆளில்லாத மூன்றாம் தளத்தைப் பார்த்துக் கத்தினேன்.

பிறகு, திரும்பி வந்த பையன்களுக்கு ஊற்றினேன். குராமோச்சி தடுக்கவில்லை. குடித்த ஒவ்வொருவனும், யாரும் சொல்லாமலே, குவளையைக் கவிழ்த்து வைத்தான்.