தாழிச்சாமி

"சுருட்டு, பொடி, வெத்திலை... ஏதாவது உண்டுமா வே?"

வண்டி ஏறியதிலிருந்து, வேதக்கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் தானியேல் இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"தொட்டதே கிடையாது ஐயா" என்றான் பாக்கியசீலன். அவன் கோட்டின் உள்பையில் இரண்டு சுருட்டும் ஒரு நெருப்புப்பெட்டியும் இருந்தன. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நெருப்புப்பெட்டி கலகலத்தது. அவனும் உடனுக்குடன் இருமினான்.

"நல்லது. எம் மக ஜெபராணிய ஒரு புகைக்கூண்டுக்குக் கட்டிக்குடுக்க எனக்கு மனசில்ல."

பாளையங்கோட்டையில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் பாக்கியசீலன். எட்டு மாதமாகப் பெண் கேட்டு நடக்கிறான். உபதேசியார் பிடிகொடுக்கவே இல்லை. படிப்பைக் காட்டியாவது மனிதரை மடக்கிவிடலாம் என்று, கோடை லீவில் ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்கு அவரை அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். பழங்காலத்தார் பிணங்களை வைத்துப் புதைத்த பெரிய பெரிய தாழிகளைச் சர்க்கார் தோண்டிப் பார்த்தது அந்த மேட்டில்தான்.

உபதேசியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"செத்தவன் பானையில பாக்கதுக்கு என்ன வே இருக்கு? களக்காட்டுக்குப் போவோம். அங்கன குளிர்ச்சியா இருக்கும்" என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்தார். பரம்பில் இறங்கியதும் துண்டைத் தலையோடு முக்காடாகப் போட்டு முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டார்.

"குடை கொண்டு வரலையா ஐயா?"

"அது போன வருஷமே ஆத்தோட போச்சு. பைய நடயும்."

மேடெங்கும் குழியும் ஓட்டுச் சில்லுமாகக் கிடந்தது. ஒரு குழியில் மட்டும், பாதி உடைந்த பெரிய தாழி ஒன்றுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி எட்டு மெல்லிய இரும்புக் கம்பிகள் நட்டிருந்தன. மேலே கறுப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது.

பாக்கியசீலனுக்கு அருள் வந்துவிட்டது.

"பாத்தீங்களா ஐயா! ரெண்டாயிரம் வருஷத்து வழிபாடு! உள்ளே இருந்தவன் பாண்டியனோட படைத்தலைவனாத்தான் இருக்கணும். எட்டும் ஈட்டி. அந்தக் கறுப்புத் துணி துக்கக்கொடி. அன்னையிலேருந்து வழிவழியா..."

"அஞ்ஞானம்! வாரும் வே, போவோம்" என்று உபதேசியார் அவசரமாகத் திரும்பினார்.

அதற்குள் ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மடியிலிருந்து புதுச் சுருட்டு ஒன்றை எடுத்து, தாழிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். காலையிலிருந்து புகையில்லாமல் தவித்துக்கொண்டிருந்த பாக்கியசீலனுக்கு எச்சில் ஊறியது.

"உம் பேர் என்னம்மா?"

"சுடலைவடிவு."

"இது எந்த ராசா காலத்துச் சாமி?"

"ராசாவா? போன வருஷம் ஆடியில வந்த சாமி ஐயா."

"போன வருஷமா?"

"ஆமாய்யா. உச்சி வேளை, ஆளில்லாத பரம்பு. இந்தத் தாழிக்குள்ள இருந்து புகை வருது! எட்டிப் பாக்குதேன், வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு, குத்தவச்சு, கண்ணை மூடிச் சுருட்டுக் குடிச்சுக்கிட்டு இருக்கு சாமி! நான் போட்ட கூப்பாட்டுல துள்ளி எந்திரிச்சு மறைஞ்சிட்டு. குடையை மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போச்சு. துணிய மேல கட்டினோம், கம்பியச் சுத்தி நட்டோம். அன்னைக்குச் சாயந்தரமே, காணாமப் போன எங்க எருமை வீடு வந்து சேந்துட்டுல்லா!"

பாக்கியசீலனின் முகம் செத்துவிட்டது. பாண்டியன் படை ஈட்டி எட்டும் குடைக்கம்பி! மாமனாராக வேண்டியவர் முன்னால் படித்த படிப்பெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்துவிட்டது. இனி ஜெபராணி கிடைத்த மாதிரிதான் என்று நொந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது. உபதேசியாரின் முக்காட்டுத் துண்டு பறந்துபோய்த் தாழியின் மேல் விழுந்தது.

சுடலைவடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"சாமீ! வந்துட்டீரா!"

ஓடிப்போய் அவர் காலில் குப்புற விழுந்தாள். எழுந்து, தாழிக்கு வைத்த சுருட்டை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

இருபது வருஷமாக விக்கிரக வணக்கத்துக்கு எதிராகத் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்த தானியேல், அவளைப் பார்த்தார். சுருட்டைப் பார்த்தார். ஆளில்லாத பரம்பை நாலு பக்கமும் பார்த்தார். பிறகு சுருட்டை வாங்கிக்கொண்டு, தாழி ஓரமாகப் பழகிய இடம்போலக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அந்த நெருப்புப்பெட்டி வண்டி நெடுகக் கலகலத்துக்கிட்டுத்தானே வந்துது" என்றார் பெருமூச்சோடு. "வெளிய எடும், மாப்பிள்ளே."