பண் மாறிய பதிகம்

மோட்டார் நியூரான் நோய் தசைகளை ஒவ்வொன்றாக அடக்கியபின், ஓதுவார் தாணுமூர்த்தியிடம் இடப்புருவம் மட்டுமே எஞ்சியது. அது உயர்ந்தால் சம்மதம். மூச்சு தளர்ந்துவிட்டதால், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதா, வேதனை தணித்து வீட்டுக்கு அனுப்புவதா என்று மருத்துவர் கேட்டார். காலையிலிருந்து புருவம் அசையவில்லை. அவர் உள்ளம் அறியாமல் விடை சொல்ல மனைவி அபிராமவல்லி ஒப்பவில்லை. கட்டிலருகே நின்று, அவர் நாள்தோறும் சந்நிதியில் ஓதிய பதிகத்தைப் பாடத் தொடங்கினாள். "அண்ணி, பண் மாறுது! அண்ணன் காதுல விழுந்தா அவ்வளவுதான்" என்று பதறினான் கொழுந்தன். "தெரிஞ்சுதான் பாடுறேன் தம்பி, சும்மா இருங்க." மூன்றாம் அடியில், பிழை பொறாத அந்தப் புருவம் வில்லென வளைந்தது. பாட்டை நிறுத்தி, அது தணியும்வரை காத்திருந்தாள். "குழாய் போடச் சொல்லட்டுமா?" புருவம் அசையவில்லை. "அப்ப, நம்ம வீட்டுக்குப் போலாமா?" உயர்ந்தது, உயர்ந்தபடியே நின்றது. "போதும், எறக்குங்க. புரிஞ்சுது" என்று சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அதைத் துடைக்காமலே கொழுந்தனிடம் திரும்பினாள். "தம்பி, வண்டி சொல்லுங்க. வெளிச்சம் இருக்கும்போதே போயிடலாம்."